விறகு குறையணும், சூடு நிற்கணும்
(இந்த மாதப் பாடம்: விறகு அடுப்பைப் பேணுவது எப்படி?)



போன மாதக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் வரவு எல்லாம் எழுதி முடித்த பிறகு ஒரு அக்கா எழுந்து நின்றார். "வீட்டுல காஸ் இருக்கு. ஆனா ஒரு சிலிண்டரை இழுத்துப் பிடிச்சு ஓட்டுறேன். வெந்நீர், மாட்டுக்குக் கஞ்சி, பெரிய பானைச் சோறு எல்லாம் விறகு அடுப்புதான். முன்ன நாலு நாள் வந்த விறகுக் கட்டு இப்ப ரெண்டு நாள் வரலை. அடுப்பு நின்னு எரிய என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

பக்கத்தில் இருந்த பெரியம்மா, "நின்னு எரியறது இருக்கட்டும். எனக்குப் புகை இல்லாம எரிஞ்சாலே போதும்மா. கண்ணு ரெண்டும் போச்சு" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் யோசித்துப் பார்த்தால் இரண்டு பேர் கேட்டதும் ஒரே கேள்விதான். ஏன் என்றால், புகை என்பது எரியாமல் வீணாகப் போன விறகு. நாம் காசு கொடுத்தோ, தலையில் சுமந்தோ கொண்டு வந்த விறகில் ஒரு பங்கு நம் கண்ணையும் நெஞ்சையும் எரித்துவிட்டுக் கூரை வழியாகப் போகிறது. அதைத் தடுத்தால் விறகும் மிச்சம், உடம்புக்கும் நல்லது.

இந்தப் பாடத்தைக் குழுக் கூட்டத்தில் ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசலாம்.

கட்டிக் கொடுத்தார்கள், காப்பாற்றத் தெரியவில்லை

புகையில்லா அடுப்பு நமக்குப் புதிது இல்லை. 1950-களிலேயே ஹைதராபாத்தில் எஸ்.பி.ராஜு என்ற பொறியாளர் புகைபோக்கி வைத்த மண் அடுப்பை உருவாக்கிப் பரப்பினார். பிறகு மத்திய அரசு 1980-களில் மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. 2002 வரை நடந்த அந்தத் திட்டத்தில் நாடு முழுவதும் 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் கட்டப்பட்டன. நம் பக்கத்துக் கிராமங்களிலும் வயதானவர்களைக் கேட்டால், "ஆமா, குழாய் வச்ச அடுப்பு" என்று சொல்வார்கள்.

அந்த அடுப்புகள் எல்லாம் எங்கே போயின? பல வீடுகளில் குழாய் அடைத்துக்கொண்டது, மண் விரிந்தது. "பழைய அடுப்பே தேவலை" என்று இடித்துவிட்டார்கள்.

ஒடிசா மாநிலத்தில் ஆராய்ச்சியாளர்கள் இதையே பல வருடம் கவனித்துப் பார்த்தார்கள். சுமார் 2,600 வீடுகளைச் சேர்த்துச் செய்த ஆய்வு அது. முடிவு 2012-ல் வெளிவந்தது. புகைபோக்கி அடுப்பு கட்டிய முதல் வருடம், சமைக்கிற பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. அதற்குப் பிறகு அந்தப் பலன் இல்லாமல் போய்விட்டது. காரணம், அடுப்பைச் சரியாகப் பயன்படுத்தவில்லை, விரிசல் அடைக்கவில்லை, குழாயைச் சுத்தம் செய்யவில்லை. நாளாக ஆக அந்த அடுப்பையே பலர் விட்டுவிட்டார்கள்.

இதிலிருந்து நமக்குப் பாடம் என்ன? நல்ல அடுப்பு கட்டுவது ஒரு நாள் வேலை. அதைப் பேணுவது வாராவாரம் செய்கிற வேலை. சேமிப்பு மாதிரிதான் இதுவும். ஒரு நாள் பெரிய தொகை கட்டிவிட்டு மறந்துவிட்டால் குழு நடக்குமா?

முதல் வேலை: விறகைக் காய வைப்பது

அடுப்பைக் குறை சொல்வதற்கு முன்னால் விறகைப் பாருங்கள். இப்போது வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். அந்த விறகை அடுப்பில் வைத்தால், தீயின் சூடு முதலில் விறகுக்குள் இருக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கும். மிச்சம் இருக்கிற சூடுதான் சோற்றுப் பானைக்கு. அதாவது, நாம் சமைப்பதற்கு முன்னால் விறகே ஒரு பானைத் தண்ணீரைக் காய்ச்சிக்கொள்கிறது!

நம் பக்கம் மழைக்காலம் ஐப்பசி, கார்த்திகை. அதனால் தை மாதம் முதல் பங்குனிக்குள் விறகு சேர்த்துவிட வேண்டும். சித்திரை, வைகாசி வெயில் காசு கொடுக்காமல் கிடைக்கிற அடுப்பு. அதில் காய்ந்த விறகு மழைக்காலத்துக்குக் கைகொடுக்கும்.

காய வைக்கும் முறை:

1. விறகை முழுசாகப் போடாதீர்கள். பிளந்து போடுங்கள். கட்டை விரல் கனம் முதல் மணிக்கட்டு கனம் வரை இருந்தால் போதும். பட்டையோடு இருக்கிற உருண்டைக் கட்டை சீக்கிரம் காயாது.
2. தரையில் அடுக்காதீர்கள். செங்கல் வைத்து, அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். காற்று உள்ளே ஓட வேண்டும்.
3. மேலே மட்டும் தகரமோ ஓலையோ போடுங்கள். நான்கு பக்கமும் பிளாஸ்டிக் தாளால் மூடினால் உள்ளேயே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.
4. சமைத்து முடித்ததும் ஈர விறகை அடுப்பின் மேலோ, வாய்க்கு நெருக்கமாகவோ காய வைத்துவிட்டு வெளியே போகாதீர்கள். அப்படி வைத்த விறகு பற்றிக்கொண்டால் வீடே போய்விடும்.

விறகு காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? இரண்டு துண்டை எடுத்துத் தட்டுங்கள். 'டங்' என்று கேட்டால் காய்ந்தது. 'தொப்' என்று கேட்டால் ஈரம். வெட்டிய முனையில் வெடிப்பு தெரியும், பட்டை தானாகக் கழன்று வரும். இன்னும் சரியாகத் தெரிய வேண்டுமானால் ஒரு துண்டில் அடையாளம் போட்டு, வாராவாரம் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை குறைந்துகொண்டே வந்து ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அப்போது விறகு தயார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி பக்கம் பல தெருக்களில் தண்ணீர் நின்றதை மறக்க முடியாது. கரண்ட் இல்லை, கடை இல்லை. தரையில் கிடந்த விறகு எல்லாம் ஊறிப் போனது. அதனால் ஒரு வாரத்துக்கான காய்ந்த விறகையாவது பரண் மேலோ, உயரமான திண்ணையிலோ தனியாக வைத்திருங்கள்.

எந்த விறகு எதற்கு?

வேலிக்காத்தான், சவுக்கு, புளி ஆகியவை கெட்டியான விறகு. மெதுவாக எரியும், நல்ல தணல் தரும். நீண்ட நேரம் சூடு வேண்டிய வேலைக்கு இவை ஏற்றவை. தென்னை மட்டை, பன்னாடை, சுள்ளி எல்லாம் சட்டென்று பற்றும், சட்டென்று அணையும். பற்ற வைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முருங்கைக் கட்டை மிகவும் லேசானது. சூடும் நிற்காது, தணலும் தராது.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட், ஆவடி பக்கக் கம்பெனிகளிலிருந்து பழைய பேக்கிங் பலகை மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கும்போது கவனம் வேண்டும். பிளைவுட், ஒட்டுப்பலகை, பெயின்ட் அடித்தது, எண்ணெயோ மருந்தோ கொட்டிக் கறை பிடித்தது எதையும் சமையல் அடுப்பில் வைக்கக் கூடாது. பசையும் பெயின்ட்டும் எரிந்தால் வருவது விஷப் புகை. வெளிநாட்டுச் சரக்கு வருகிற மரத் தட்டுகளில் சூடு போட்ட முத்திரை இருக்கும். அதில் எம்.பி. என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது பூச்சி மருந்துப் புகை போட்ட மரம். தொடவே வேண்டாம். எச்.டி. என்று இருந்தால் சூடுபடுத்திப் பூச்சி நீக்கியது. அதிலும் பெயின்ட்டும் கறையும் இல்லாவிட்டால் மட்டும் எரிக்கலாம். பிள்ளைகளிடம் முத்திரையைக் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள்.

பற்ற வைக்க பிளாஸ்டிக் கவர், டயர் துண்டு, தெர்மோகோல் போடுகிற பழக்கத்தையும் விட்டுவிடுவோம். ஒரு தீக்குச்சி மிச்சம் பிடிக்கப் போய் மூச்சுக்கு வினை தேடிக்கொள்ளக் கூடாது.

அடுப்புக்குள் காற்று

தீ எரிய மூன்று வேண்டும்: விறகு, சூடு, காற்று. நாம் விறகை மட்டும் பார்க்கிறோம், காற்றை மறந்துவிடுகிறோம்.

அடுப்புக்குள் பழைய இரும்புக் கடையில் கிடைக்கிற கம்பித் துண்டுகளை வைத்து ஒரு கம்பித் தட்டு போடுங்கள். அதற்குக் கீழே மூன்று விரல் அளவு இடைவெளி இருக்கட்டும். விறகு தட்டின் மேல் இருக்கும். காற்று கீழே நுழைந்து சூடாகி மேலே வரும். சாம்பலும் கீழே விழுந்துவிடும். மணிக்கு நாலு தடவை ஊதாங்குழலை எடுக்கிற வேலை குறையும். அடிக்கடி ஊத வேண்டியிருந்தால் ஒன்று விறகு ஈரம், இல்லை கீழே சாம்பல் அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

விறகைத் திணிக்காதீர்கள். ஒரு சமயத்தில் இரண்டு அல்லது மூன்று குச்சி போதும். முனைகள் நெருங்கி இருக்கட்டும், ஒட்டி இருக்க வேண்டாம். தீ குடியிருப்பது அந்த இடுக்கில்தான். முனை எரிய எரிய உள்ளே தள்ளுங்கள். ஒற்றைக் கட்டை தனியாக எரியாது, நம் குழு மாதிரி!

பானைக்கும் அடுப்புக்கும் நடுவில் குமிழ் வைக்கிறோம் அல்லவா? அந்த இடைவெளி ஒரு விரல் கனம் இருந்தால் சரி. அதிகமானால் தீ வெளியே ஓடிப் பக்கத்துச் சுவரைச் சூடாக்கும். குறைந்தால் தீ மூச்சுத் திணறிப் புகையும்.

தீ நிற்பது வேறு, சூடு நிற்பது வேறு

இதுதான் இந்தப் பாடத்தின் முக்கியமான இடம். "அடுப்பு ரொம்ப நேரம் எரியணும்" என்று கேட்கிறோம். உண்மையில் நமக்கு வேண்டியது தீயா, சூடா?

சோறு கொதி வந்த பிறகு எவ்வளவு தீ போட்டாலும் தண்ணீர் கொதிநிலைக்கு மேல் சூடாகாது. கூடுதல் தீ எல்லாம் ஆவியாகப் போகிறது. ஆகவே கொதி வந்ததும் ஒரு குச்சியை வெளியே இழுத்துவிடுங்கள். மூடி போடுங்கள். பருப்பை முன்கூட்டியே ஊற வையுங்கள்.

இன்னொரு வழி வைக்கோல் கூடை. பெரிய கூடையிலோ மரப்பெட்டியிலோ நாலு பக்கமும் அடியிலும் ஒரு சாண் கனத்துக்குக் காய்ந்த வைக்கோல் அமுக்குங்கள். நடுவில் பானை உட்காரும் அளவுக்குக் குழி. அளவுத் தண்ணீர் வைத்துச் சோற்றை நன்றாகக் கொதிக்க விட்டு, பத்து நிமிடம் ஆனதும் மூடியோடு இறக்கிக் கூடையில் வைத்து, மேலே வைக்கோல் தலையணையும் பழைய கம்பளியும் போட்டு மூடுங்கள். ஒரு மணி நேரத்தில் சோறு வெந்திருக்கும். கஞ்சி வடிக்க வேண்டாம். பானை அடியில் நெருப்புப் பொறி ஒட்டியிருக்கிறதா என்று துடைத்துப் பார்த்த பிறகுதான் வைக்க வேண்டும். கறி, மீனுக்கு இந்த முறை வேண்டாம். பருப்பு, சாம்பார் வைத்தால் சாப்பிடுவதற்கு முன் மறுபடி ஒரு கொதி விடுங்கள்.

வெந்நீர், நெல் அவிப்பது, பெரிய அண்டாச் சமையல் போன்றவற்றுக்கு நிஜமாகவே நீண்ட தீ வேண்டும். அதற்கு முதலில் சிறு விறகால் நல்ல தணல் சேருங்கள். பிறகு காய்ந்த சவுக்கோ வேலிக்காத்தானோ ஒரு தடித்த கட்டையும், துணைக்கு ஒரு மெல்லிய குச்சியும் வையுங்கள். அடுப்பு வாயில் ஒரு செங்கல்லை வைத்துத் திறப்பைக் கொஞ்சம் குறையுங்கள். முழுதாக அடைக்கக் கூடாது. காற்று முழுதாக நின்றால் தீ நீளாது, புகை மட்டும்தான் நீளும்.

தணல் காப்பதில் ஒரு எச்சரிக்கை

ராத்திரி தணலை ஒதுக்கி, இரண்டு விரல் கனம் சாம்பல் மூடி வைத்தால் காலையில் கிளறிப் பற்ற வைக்கலாம். நீறு பூத்த நெருப்பு என்று நம் பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை. ஆனால் இதை வெளி அடுப்பிலோ, நன்றாகக் காற்றோட்டம் உள்ள சமையலறையிலோ மட்டுமே செய்யுங்கள். ஆட்கள் தூங்குகிற இடத்தில் வேண்டாம்.

இது என் வீட்டில் நடந்தது. என் தங்கைக்குக் குழந்தை பிறந்த சமயம், விடாத மழை. குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று ஒரு சட்டியில் தணல் அள்ளி அறைக்குள் வைத்து, கதவு ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டோம். புகை துளிகூட இல்லை. நடு ராத்திரியில் தங்கை தலைவலி, வாந்தி என்று எழுந்தாள். எழுந்தவள் நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். அம்மா கதவைத் திறந்து தாயையும் பிள்ளையையும் திண்ணைக்குக் கொண்டு வந்தார். காற்று பட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தாள். "கண்ணு பட்டிருக்கும்" என்று சுற்றிப் போட்டோம். அது கண்ணேறு இல்லை, கார்பன் மோனாக்சைடு என்கிற வாயு என்று பிறகுதான் தெரிந்தது.

இந்த வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. புகையே இல்லாத தணலிலிருந்தும் வரும். இரத்தத்தில் பிராணவாயு ஏறவிடாமல் செய்யும். தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். எனவே பிரசவ அறை, குழந்தை தூங்குகிற அறை, மூடிய அறை எதிலும் தணல் சட்டி வேண்டாம். தலைவலி, மயக்கம், வாந்தி வந்தால் உடனே எல்லோரையும் வெளியே கொண்டு வந்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

நாள், வாரம், மாத வேலைகள்

தினமும்: அடுப்பு ஆறிய பிறகு கம்பித் தட்டின் கீழே உள்ள சாம்பலை அள்ளுங்கள். சாம்பலில் கரித்துண்டு நிறைய இருந்தால் சலித்து எடுத்து மறுபடி எரிக்கலாம். அள்ளிய சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு ஒரு நாள் முழுதும் வைத்த பிறகே குப்பையிலோ எருக்குழியிலோ கொட்டுங்கள். சாம்பலுக்குள் கங்கு மறுநாள் வரைகூட உயிரோடு இருக்கும். பிளாஸ்டிக் கூடை, வைக்கோல் போர் பக்கம் கொண்டு போகவே கூடாது.

வாரம் ஒரு முறை: புகைபோக்கியைச் சுத்தம் செய்யுங்கள். மூங்கில் குச்சியின் முனையில் கோணித் துணியைக் கட்டி மேலும் கீழும் இழுத்துக் கரியைத் தட்டுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். குழாயில் சேர்ந்த கரியும் தீப்பிடிக்கும் என்பதை மறக்காதீர்கள். பழைய கல்நார் சிமென்ட் குழாயாக இருந்தால் அதை அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம். அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு.

மாதம் ஒரு முறை: விரிசல் பாருங்கள். களிமண்ணோடு மணல், நறுக்கிய வைக்கோல் அல்லது உமி, கொஞ்சம் சாணம் சேர்த்துப் பிசைந்து ஒரு ராத்திரி ஊற விடுங்கள். வெறும் களிமண் போட்டால் காயும்போது மறுபடி விரியும். விரிசலைத் தண்ணீர் தெளித்து நனைத்து, கலவையை அழுத்தி அடையுங்கள். இரண்டு மூன்று நாள் நிழலில் காயட்டும். முதல் தீ சின்னதாகப் போடுங்கள். சூடான அடுப்பில் ஒருபோதும் தண்ணீர் ஊற்றாதீர்கள். அதனாலும் விரிசல் விழும்.

வருடம் ஒரு முறை, ஐப்பசி மழைக்கு முன்: புகைபோக்கியின் மேல் முனை கூரையை விட இரண்டு அடியாவது உயரமாக இருக்கிறதா, மழைத் தொப்பி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கீற்றுக் கூரையாக இருந்தால் குழாய் கீற்றைத் தொடவே கூடாது. நடுவில் தகரம் வைத்து இடைவெளி விடுங்கள். எரிந்து மெலிந்த கம்பிகளை மாற்றுங்கள்.

அடுப்பு சொல்லும் அறிகுறிகள்

• புகை அடுப்பு வாய் வழியாகத் திரும்பி வருகிறதா? குழாய் அடைத்திருக்கிறது.
• விறகின் பின்முனையில் நுரை வருகிறதா? விறகு ஈரம்.
• பாத்திர அடியில் கரி அப்புகிறதா? விறகு அதிகம், காற்று குறைவு.
• கபகபவென்று எரிந்து சீக்கிரம் தணிகிறதா? மெல்லிய விறகு, அல்லது அடுப்பு வாய் பெரிசு. காற்றுக்கு ஒரு மறைப்பு வையுங்கள்.

காஸ் இருக்கும்போது ஏன் இந்தப் பாடம்?

சிலர் கேட்கலாம். 2007-ல் தமிழக அரசு இலவச காஸ் அடுப்பு கொடுக்கத் தொடங்கியது. 2016-ல் மத்திய அரசின் உஜ்வாலா திட்டம் வந்தது. வீட்டுக்குள் சமைக்க காஸ்தான் நல்லது. அதில் சந்தேகம் வேண்டாம். நமக்குப் பக்கத்தில் போரூரில் இருக்கிற ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியில் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழகக் கிராம வீடுகளில் சமையல் புகையை அளந்து 2002-லேயே ஆய்வு வெளியிட்டார்கள். விறகில் சமைக்கும் பெண்கள்தான் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். ஆனால் சமைக்காமல் பக்கத்தில் இருப்பவர்களும் தப்புவதில்லை. இடுப்பில் இருக்கிற குழந்தையும் அதே புகையைத்தான் சுவாசிக்கிறது. நல்ல விறகு அடுப்பும் புகையைக் குறைக்குமே தவிர, அறவே போக்காது.

ஆகவே தினச் சமையலுக்கு முடிந்தவரை காஸ். வெந்நீருக்கும் பெரிய சமையலுக்கும் விறகு அடுப்பு, அதுவும் வெளியே அல்லது காற்றோட்டமான தாழ்வாரத்தில். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் அந்தப் பக்கம் உட்கார வேண்டாம்.

குழுவில் செய்து பார்ப்போம்

வரும் வாரம் ஒவ்வொருவரும் தினமும் காலையில் அன்றைய விறகை நிறுத்து வையுங்கள். ராத்திரி மிச்சத்தை நிறுத்துக் கழித்து எழுதுங்கள். அடுத்த வாரம் மேலே சொன்னபடி செய்து மறுபடி எழுதுங்கள். உதாரணத்துக்கு, தினம் 4 கிலோ எரித்தவர் 3 கிலோவில் முடித்தால் மாதம் 30 கிலோ மிச்சம். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள். அந்தப் பணம் சேமிப்பில் ஏறட்டும்.

பேசிப் பார்க்க:

1. நம் குழுவில் எத்தனை வீட்டில் அடுப்பு வீட்டுக்குள் இருக்கிறது? அதை வெளியே மாற்ற என்ன செலவாகும்? உட்கடன் கொடுக்கலாமா?
2. வயதான, தனியாக இருக்கிற உறுப்பினர்களின் புகைபோக்கியை முறை வைத்துச் சுத்தம் செய்து தர முடியுமா?
3. மழைக்கு முன் சேர்ந்து விறகு வாங்கி, ஒரே இடத்தில் காய வைத்துப் பிரித்துக்கொள்ளலாமா?

முடிவை மினிட் புத்தகத்தில் எழுதுங்கள். கேள்வி கேட்ட அக்கா இப்போது செங்கல் அடுக்கி விறகைக் காயப் போட்டிருக்கிறார். பெரியம்மா வீட்டுக் குழாயை நாங்கள் நாலு பேர் போய்ச் சுத்தம் செய்தோம். ஒரு முறம் கரி விழுந்தது. "இத்தனையும் நான் முழுங்க வேண்டியதாம்மா?" என்றார் பெரியம்மா.

அந்தக் கேள்வியை நாமும் ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுப் பார்ப்போம்.